கணினியிற் கேட்கும் இரைச்சல்

தமிழ் கற்பிக்கும் யாம் கணினியின் இரைச்சலைப் பற்றி எழுதப் புகுந்தது எங்ஙனம் என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வியப்புறுதல் கூடும். விஞ்ஞானப் பட்டதாரிகள் பலர் பணிபுரியும் கல்லூரியில் இது மிகைத் துணிவே என்பதனை யாமும் அறிவோம். ஆயினும், யூபிலிப் பணி ஒன்றின் பொருட்டே யாம் இப்பொருளிற் புக நேர்ந்தது. ஆகவே அதனை யூபிலி மலரிலேயே சொல்லிவிடுதல் முறையென எண்ணுகின்றோம்.

மலர்க்குழுவினர், எமது கல்லூரியின் மிக மூத்த பழைய மாணவருள் ஒருவருடைய நினைவுகளை அவர்தங் குரலிலேயே பதிந்து வைத்தல் வேண்டுமென முடிவு செய்து, அப்பணியை எம்மிடம் ஒப்புவித்தனர். தொண்ணூறு கடந்த பெரியார்; பன்முறை இருந்து பேசுதல் அவருக்கு இயலாது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே கோத்த விளையாட்டுக் கணினி ஒன்றையும், விளையாடும்போது நண்பரோடு பேசுதற்கென வாங்கிய ஒலிவாங்கி ஒன்றையும் வைத்திருந்தான். அவற்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரியாரின் இல்லத்திற்குச் சென்றோம். கைத்தொலைபேசியிற் பதிந்திருந்தால் இத்தொல்லை யாதும் நேர்ந்திராது என்று இப்போது கூறுதல் எளிது. அன்று எமக்கு அது தோன்றவில்லை. பெரியார் ஒன்றரை மணி நேரம் பேசினார். பதியும்போதே ஹெட்செற்றை அணிந்து கேட்டுப் பார்த்தல் வேண்டும் என்னும் அறிவு எம் இருவர்க்கும் இருக்கவில்லை. வீடு திரும்பிக் கேட்டபோது, அவருடைய மெல்லிய குரலின் கீழே, தேனீக்கூட்டம் ஒன்று குடியிருந்தாற்போல ஓயாத முரலல் ஒன்று கேட்டது.

மாணவன் முகம் வாடிற்று. "மதர்போட் பழுது போல இருக்குது சேர், மாத்தத்தான் வேணும்" என்றான். மாற்றுவதாயின் அவன் தந்தையாரின் மாதச் சம்பளத்திற் பெரும்பங்கு அதற்கே செல்லும். மறுநாள் வந்து, "சேர், பிளக்குக்குள்ள இருக்கிற ஏர்த் வயரைக் கழட்டிவிட்டால் சத்தம் நிண்டிடுமாம், ஒரு வீடியோவில பார்த்தனான்" என்றான். முன்னையது பணத்திற்குக் கேடு. பின்னையது உயிருக்குக் கேடு. இவ்விரண்டினின்றும் அவனைத் தடுத்தற்பொருட்டே யாம் இதனை ஆராயத் தலைப்பட்டோம். விஞ்ஞான ஆசிரிய நண்பரின் துணையோடு தொடங்கிய அவ்வாராய்ச்சி, பின்னர் மாணவர் பலருடைய வீட்டுக் கணினிகளுக்கும் எம்மை இட்டுச் சென்றது.

மாணவர் இவ்விரைச்சலை 'ஸ்ரற்றிக்' என்பர். அச்சொல் வானொலிக் காலத்தது. கொழும்பில் 1925 ஆம் ஆண்டில் ஒலிபரப்புத் தொடங்கிய பின்னர், வானொலிப் பெட்டியின் முன்னே காதைக் கூர்ப்பாக்கி அமர்ந்த தலைமுறையினர்க்கு அது நன்கு பழக்கமானது. வானில் மின்னல் வெட்டுந்தோறும் பெட்டி கறகறக்கும். அமெரிக்காவிலே பெல் ஆய்வுக்கூடத்திற் பணிபுரிந்த கார்ல் ஜான்ஸ்கி என்பார், கடல்கடந்த வானொலித் தொலைபேசிக்கு இடையூறு செய்யும் இரைச்சல் எங்கிருந்து வருகின்றதென ஆராயப் புகுந்து, அண்மை இடிமுழக்கம், சேய்மை இடிமுழக்கம் என இரண்டினைப் பிரித்தறிந்தார். எஞ்சிய மெல்லிய சீறல் ஒன்று பால்வீதி மண்டலத்திலிருந்தே வருகின்றது என 1933 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். இரைச்சலின் தாயகத்தைத் தேடப் போய் ஒரு புதிய வானியலே பிறந்தது. அவர் கையாண்ட முறைதான் எமக்கும் வேண்டியது: இரைச்சலை ஒன்றெனக் கொள்ளாது வகைபிரித்தல், பின்னர் ஒவ்வொன்றும் எத்திசையிலிருந்து வருகின்றதெனத் தேடுதல்.

வகைபிரித்தற்கு எம்மொழி மிக உதவுகின்றது. தொல்காப்பியர் காலந்தொட்டே இரட்டைக்கிளவி எனத் தனிப்பெயர் கொடுத்துப் போற்றப்பட்ட ஒலிக்குறிப்புச் சொற்கள் நம்மிடம் நிரம்ப உள. கணினி பழுதென்று வரும் மாணவனிடம் யாம் முதலிற் கேட்கும் வினா, "அது எப்படிச் சத்தமிடுகின்றது? வாயாற் செய்து காட்டு" என்பதே. ஒருவன் 'ஙொய்' என்று இழுப்பான்; ஒருவன் 'உஸ்' என்பான்; வேறொருவன் 'கீ...' என மூக்காற் பேசுவான். இன்னொருவன் 'படபட' என்பான். செய்து காட்டும்போது வகுப்பு முழுவதும் சிரிக்கும், சிரிக்கட்டும். நோயிற் பாதி அங்கேயே தெரிந்துவிடுகின்றது.

கணினிக்கு ஒலி வந்த வரலாற்றையும் ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினிக்குச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றிற் 'பீப்' என ஒலிப்பதற்கு மேல் வன்மை இருக்கவில்லை. சிங்கப்பூரிற் பிறந்த கிரியேற்றிவ் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் என்னும் ஒலி அட்டை அதற்கு இசையைக் கற்பித்தது. பின்னர் இன்ரெல் நிறுவனம் 1997 இல் ஒன்றும் 2004 இல் ஒன்றுமாக வகுத்த நியமங்களினால், ஒலிக்குரிய சிறிய சில்லு தாய்ப்பலகையிலேயே குடிபுகுந்தது. இதனால் விலை குறைந்தது. ஆனால் மிக மெல்லிய ஒலிக்குறிப்பும், பெருமின்னோட்டத்தை விழுங்கும் உறுப்புக்களும் ஒரே பலகையில் அண்டை அயலாக வாழ வேண்டியதாயிற்று. சந்தைக்கு நடுவே வீணை வாசிப்பவன் நிலைதான் அச்சில்லின் நிலை.

கணினியினுள்ளே ஒலி என்பது வெறும் எண்வரிசை. செக்கனுக்கு 44,100 அல்லது 48,000 எண்கள். எண்ணாக இருக்குமளவும் அதன்மீது மின்னிரைச்சல் படிவதில்லை. அவ்வெண்கள் மின்னலையாக மாற்றப்பட்ட பின்னரே, கம்பியின் வழியே செல்லும் அவ்வலையோடு புறத்தேயுள்ள மின்சாரமெல்லாம் கலந்து கொள்ளும். ஆதலின், இரைச்சல் எண்ணிற் பிறந்ததா, அலையிற் பிறந்ததா என அறிதல் முதற்படி. அதற்கு ஒரு காசும் செலவில்லாத சோதனை உண்டு. திரையிலுள்ள ஒலியளவுக் கோலை அடிவரை இறக்குக. இரைச்சலும் உடன் இறங்குமாயின் அது எண்களோடு வருகின்றது. இரைச்சல் அசையாது நின்று, ஒலிபெருக்கியின் திருகியைத் திருப்பும்போது மட்டும் கூடிக் குறையுமாயின், அது எண் அலையாக மாறிய பின்னர் நுழைந்தது. இவ்வொரு சோதனையைச் செய்யாமல் மென்பொருளை மாற்றிமாற்றி நிறுவி இரண்டு வாரங் கழித்த மாணவனையும், மென்பொருட் பழுதுக்காக மூன்று கம்பிகள் வாங்கிய மாணவனையும் யாம் கண்டிருக்கின்றோம்.

அடுத்த சோதனை: மின்னிணைப்புள்ள ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, அதே குதையில் ஒரு சாதாரண ஹெட்செற்றைச் செருகிக் கேட்டல். ஹெட்செற்றுக்குச் சுவர் மின்சாரத்தோடு உறவில்லை. அதிலே இரைச்சல் இல்லையாயின் கணினி குற்றமற்றது. குற்றம் ஒலிபெருக்கியில் அல்லது இரண்டையும் இணைக்கும் முறையில் உள்ளது. ஒலிபெருக்கியின் கம்பியைக் கணினியினின்றும் கழற்றிய பின்னும் அது முரலுமாயின் ஒலிபெருக்கியே நோயாளி. கணினியோடு பூட்டும்போது மட்டும் முரலுமாயின், அதுவே யாம் இனி விரித்துக் கூறப்போகும் புவித்தொடுப்புச் சுற்றாகும்.

'ஙொய்' என்னும் தாழ்ந்த முரலல் பெரும்பாலும் சுவரிலிருந்து வருவது. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. செக்கனுக்கு 50 முழுச்சுற்று ஆடும் ஆடலோட்டம். அதன் 50 உம், அதன் மடங்காகிய 100 உம் நம் காதிற்கு அந்த முரலலாகக் கேட்கின்றன. கணினி ஒரு குதையிலும், விரியலாக்கி மண்டபத்தின் மறுகோடியிலுள்ள வேறொரு குதையிலும் செருகப்பட்டிருக்கின்றன எனக் கொள்வோம். இரண்டுக்கும் தனித்தனி ஏர்த் கம்பி உண்டு. இரண்டையும் ஒலிக்கம்பியால் இணைத்தவுடன், அக்கம்பியின் புறவுறையும் சுவரினுள்ளே செல்லும் ஏர்த் கம்பிகளும் சேர்ந்து பெரிய வளையமொன்றை ஆக்கிவிடுகின்றன. அவ்வளையத்தில் அயலிலுள்ள மின்கம்பிகளின் தூண்டலாலும், இரு புவித்தொடுப்புக்களுக்கும் இடையிலுள்ள சிறிய அழுத்த வித்தியாசத்தாலும் ஓர் ஓட்டம் பாய்கின்றது. ஒலிக்கம்பியின் உறையிலே அது ஒரு மில்லிவோல்ற்றை உண்டாக்கினாலும் போதும். ஒரு வோல்ற்று அளவான ஒலிக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு; 60 தெசிபெல் தாழ்ந்தது. விளையாட்டில் வெடியோசை முழங்கும்போது அது தெரியாது. பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளியிற் சபை முழுவதற்கும் தெரியும்.

இதற்குச் செய்யத்தக்கன சில. கணினியையும் ஒலிபெருக்கியையும் ஒரே நீட்டுப் பலகையிற் செருகினால் வளையம் சுருங்கும். பல வீடுகளில் இதுவே போதுமானது. 13 அம்பியர்ப் பலகையொன்று ஏறக்குறைய 3,000 வாற்றுத் தாங்குமாதலின் கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் அது தாராளம். ஆனால் அதே பலகையில் மின்கேத்திலையும் செருகுதல் கூடாது. தூரமிருப்பின், ஒலிக்கம்பியின் இடையே சிறிய நிலைமாற்றி கொண்ட தனிப்படுத்தி ஒன்றைப் பூட்டலாம். உள்ளே இரு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். ஒலி காந்தப்புலத்தின் வழியே கடக்கும். முரலோட்டத்திற்கு வழி அடைபடும். மலிந்தவகைத் தனிப்படுத்திகள் தாழ்ந்த சுரங்களைச் சிறிது மெலிவிப்பதுண்டு. பேச்சுக்கு அது குற்றமன்று. தாய்ப்பலகையில் ஒளிநார்க் குதை இருப்பின் இன்னும் நன்று. 1983 இல் தோஷிபா நிறுவனம் கொணர்ந்த அம்முறையில் ஒலி ஒளியாகச் செல்வதனால், இரு கருவிகளுக்குமிடையே உலோகத் தொடர்பே இல்லை.

செய்யத்தகாதது ஒன்று உண்டு. அதனை எழுதுதற்காகவே இக்கட்டுரை எழுதப்பட்டது எனினும் மிகையன்று. பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த ஏர்த் கம்பியைக் கழற்றினால் வளையம் அறுபடும், முரலலும் நிற்கும், வீடியோவிற் சொன்னவர் அவ்வளவில் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கம்பி ஒலிக்காக இட்டதன்று. கணினியின் உடல் உலோகம். வலு வழங்கியினுள்ளே காப்பு உடைந்து உயிர்க்கம்பி அவ்வுடலைத் தொட்டால், ஏர்த் கம்பி இருக்கும்வரை ஓட்டம் அதன்வழியே நிலத்திற்கு ஓடும். உருகி எரியும், அல்லது 30 மில்லியம்பியருக்கே துண்டிக்கும் ட்ரிப் ஸ்விச் விழும். ஏர்த் இல்லையாயின் கணினி ஒன்றும் நிகழாததுபோல இயங்கிக்கொண்டே இருக்கும். 230 வோல்ற்று அப்பெட்டியின்மேல் ஏறியிருக்கும். அதனை முதலிற் தொடுபவன் உடலே நிலத்திற்கு வழியாகும். ட்ரிப் ஸ்விச் அப்பொழுதுதான் விழும்; அது இல்லாத பழைய வீடுகளில் அதுவும் விழாது. ஹெட்செற்றைக் காதிலும் ஒலிவாங்கியை வாயருகிலும் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

காப்பு உடையாத புதிய கணினியிலும் ஏர்த் இல்லாக் குற்றம் தன்னைக் காட்டிவிடும். வலு வழங்கியின் வாயிலில், மின்னிரைச்சலை வடிகட்டும் பொருட்டு இரண்டு சிறு கொள்ளளவிகள் உயிர்க்கம்பியிலும் நடுநிலைக் கம்பியிலுமிருந்து உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். ஏர்த் இருப்பின் அவற்றின் கசிவு நிலத்திற்குப் போய்விடும். இல்லையாயின் உடல் ஏறக்குறைய 115 வோல்ற்றில் மிதந்து நிற்கும். ஓட்டம் மிகச் சிறிதாகையால் உயிர் போகாது. ஆனால் புறங்கை பட்டால் எறும்பு ஊர்ந்தாற்போலக் கிறுகிறுக்கும். "கேசிங் தொட்டால் லேசாக் கிறுகிறுக்கும் சேர், அது எப்பவும் அப்பிடித்தான்" என்று மாணவர் பலர் எம்மிடம் சிரித்துக்கொண்டே கூறியிருக்கின்றனர். அது 'எப்பவும் அப்படி' இருக்கத்தக்கதன்று. அவ்வாறு காணின் உடனே மின்னை நிறுத்தித் தகுதிபெற்ற மின்வேலைகாரரை அழைத்துக் குதையின் ஏர்த் இணைப்பையும், முற்றத்தில் நாட்டிய கோலையும் சோதிப்பித்தல் வேண்டும். வரட்சிக் காலத்தில் நிலம் ஈரமற்றுப் போகக் கோலின் தடை கூடுவதுமுண்டு.

ஈண்டு எமது பதிவின் கதைக்குத் திரும்புவோம். பெரியாரின் இல்லம் பழைய நாற்சார் வீடு. அவர் அமர்ந்திருந்த விறாந்தைச் சுவரில் இருந்தது இருமுனைக் குதை. அதற்கேற்ற இடைச்செருகி ஒன்றைக் கொண்டு கணினியைப் பூட்டியிருந்தோம். அஃதாவது, மாணவன் கழற்ற விரும்பிய ஏர்த் தொடர்பு அங்கே முதலிலிருந்தே இல்லை! மிதந்து நின்ற உடலின் அழுத்தமே ஒலிவாங்கிக் கம்பியின் உறையிற் புகுந்து முரன்றது. அதனோடு வேறொன்றும் சேர்ந்திருந்தது. பெரியாருக்குக் காற்று வேண்டுமென்று மின்விசிறியை இரண்டாம் எண்ணில் வைத்திருந்தோம். இற்றைநாள் விசிறி ஒழுங்காக்கிகள் மின்னலையின் ஒவ்வொரு பாதியையும் இடையே வெட்டி வெட்டி வேகத்தைக் குறைப்பன. அவ்வாறு செக்கனுக்கு 100 தடவை வெட்டும் கூர்முனைகளை அருகிலுள்ள ஒலிவாங்கிக் கம்பி பற்றிக்கொள்ளும். முரலலிலே 'ஙொய்' என்பதனோடு 'ற்ர்ர்' என்னும் கரகரப்பும் கலந்திருந்தது அதனாலேயே. விசிறியின் திருகியைத் திருப்பும்போது சத்தத்தின் சாயல் மாறினால் குற்றவாளி அதுவென அறிக. மின்வெட்டுக்கென வைத்திருக்கும் யூ.பி.எஸ். கருவிகளுட் சிலவும், மின்கலத்தில் இயங்கும்போது வட்டமான அலைக்குப் பதிலாகச் சதுர அலையை வழங்கி இதனை ஒத்த கரகரப்பை எழுப்பும்.

'கீ...' என்னும் உயர்ந்த சுரம் வேறு சாதி. எலியை அசைக்குந்தோறும், திரையில் எழுத்துக்கள் உருளுந்தோறும், விளையாட்டின் காட்சி மாறுந்தோறும் அது ஏறி இறங்கும். இது பெட்டிக்குள்ளேயே பிறப்பது. வரைவியல் அட்டை 200 வாற்றை 12 வோல்ற்றிற் பெறுமாயின் பாயும் ஓட்டம் ஏறக்குறைய 17 அம்பியர். அது காட்சிக்குக் காட்சி திடீரெனக் கூடியும் குறைந்தும் பாய்வதனால், அயலிலுள்ள மெல்லிய ஒலிக்கம்பியில் அதன் சாயல் விழுகின்றது. முன்முகக் குதைக்குச் செல்லும் கம்பியே இதில் முதற் பலியாகும்; தாய்ப்பலகையின் கீழ்க்கோடியிற் புறப்பட்டு வரைவியல் அட்டையின் அடியால் ஊர்ந்து முன்பக்கம் செல்வதே அதன் வழக்கமான வழி. ஹெட்செற்றைப் பின்பக்கத்துப் பச்சைக் குதையில் மாற்றிச் செருகுக. இரைச்சல் நீங்கினால் தாய்ப்பலகை பழுதன்று. அம்முன்கம்பியை அட்டையினின்றும் விலக்கிப் பெட்டியின் ஓரத்தால் கொண்டு செல்லுதல் போதும். பின்பக்கத்திலும் நீங்காவிடின், வெளியே செருகும் யூ.எஸ்.பி. ஒலிக்கருவி ஒன்று வாங்கலாம். தாய்ப்பலகையின் விலையோடு ஒப்பிட அது மிகச் சிறிது. எண்ணை அலையாக மாற்றும் வேலை சந்தையை விட்டு வெளியே நடப்பதே அதன் பயன். ஆயினும் அதுவும் யூ.எஸ்.பி. கம்பியால் ஏர்த் வளையத்தை ஆக்கக்கூடுமாதலின், முற்கூறிய முரலலுக்கு அது மருந்தன்று.

தன் கையாற் கோத்தவர்கள் மேலும் ஒன்றைக் கவனித்தல் நன்று. தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகள், பலகையிலுள்ள துளைகளுக்கு நேரே மட்டும் இருத்தல் வேண்டும். துளையில்லாத இடத்தில் மிகையாக நின்ற தாங்கி ஒன்று பலகையின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்ததை ஒரு வீட்டிற் கண்டோம். இரைச்சலோடு ஒழிந்தது அப்பையனின் நல்லூழ், பலகை எரிந்திருக்கலாம். பெட்டியைத் திறக்குமுன் மின்செருகியைக் கழற்றுக. வலு வழங்கியின் உறையை மட்டும் எந்நிலையிலும் திறவற்க. உள்ளேயுள்ள பெரிய கொள்ளளவி 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட ஏற்றத்தை, செருகியைக் கழற்றிய பின்னும் வைத்திருத்தல் கூடும்.

இவ்வுயர்ந்த சுரம் ஹெட்செற்றைக் காதினின்றும் எடுத்த பின்னும் அறையிற் கேட்குமாயின், அது ஒலிப்பாதையின் குற்றமே அன்று. வரைவியல் அட்டையிலுள்ள கம்பிச் சுருள்கள் ஓட்டத்தின் வேகத்திற்கேற்ப உண்மையாகவே நடுங்கிப் பாடுகின்றன. விளையாட்டின் முகப்புப் பக்கம் அசையாது நிற்கும்போது, அட்டை வேலையின்றி அதே படத்தைச் செக்கனுக்குப் பல நூறு தடவை வரைந்துகொண்டிருக்கும். அப்போதுதான் இப்பாட்டு உச்சத்தில் ஏறும். படவேகத்திற்கு மென்பொருளில் ஒரு வரம்பு வைத்தால் அடங்கும். மின்சாரச் செலவும் குறையும்.

'உஸ்' என்னும் சீறலை முற்றாக ஒழித்தல் எவராலும் இயலாது. கடத்திகளிலுள்ள இலத்திரன்கள் வெப்பத்தினால் ஓயாது துள்ளுவதே அதன் பிறப்பிடம். ஜோன்சன், நைக்குவிஸ்ற் என்னும் இருவர் 1928 இல் இதனை அளந்தும் கணித்தும் காட்டினர். செய்யக்கூடியது, அதனைப் பெருப்பிக்காதிருத்தலே. ஒலிவாங்கியைத் தூரத்தில் வைத்துவிட்டு மென்பொருளில் 20, 30 தெசிபெல் எனக் கூட்டுவது பெருந்தவறு. குரலோடு சீறலும் அதேயளவு வளரும். ஒலிவாங்கியைப் பாதித் தூரத்திற்குக் கொணர்ந்தால் குரல் மட்டும் 6 தெசிபெல் கூடும்; சீறல் இருந்தபடியே இருக்கும். பேசுதற்கு ஒலிவாங்கி வேண்டாத வேளையில், அதன் ஒலியை ஹெட்செற்றிற் கலக்கும் வாயில்களை அடைத்துவிடுதலும் நன்று.

இனி 'படபட' என்னும் வெடிப்பு. கம்பியை அசைக்கும்போது வெடிப்பின் செருகியின் முனையிற் களிம்பு பிடித்திருக்கும், அல்லது கம்பி உள்ளே அறுந்திருக்கும். கடற்காற்றுப் படும் எமது ஊர்களில் களிம்பே மிகுதி. பன்முறை செருகிக் கழற்றினாலே பாதி தேய்ந்து போகும். கம்பியைத் தொடாதபோதும், கணினிக்கு வேலை மிகும்போதெல்லாம் வெடிப்பின், அது எண்ணிற் பிறந்தது. கணினி ஒலியெண்களைச் சிறுசிறு கட்டாக முன்கூட்டியே அடுக்கி வைக்கின்றது. செக்கனுக்கு 48,000 எண் என்றால், 480 எண்கொண்ட கட்டு ஒன்று செக்கனின் நூறில் ஒரு பங்குக்கே போதும். அதற்குள் அடுத்த கட்டு வந்து சேராவிடின் அங்கே வெற்றிடம். அதுவே 'பட்' எனக் கேட்கின்றது. தாமதத்திற்குக் காரணம் பெரும்பாலும் ஒலிக்குரிய மென்பொருளாக இராது. கம்பியில்லா வலைத்தொடர்பின் செலுத்தி மென்பொருளோ வரைவியல் அட்டையினுடையதோ செயலியைப் பிடித்துக்கொண்டு விடாதிருக்கும். இலேற்றன்சிமொன் என்னும் மென்பொருள் அவ்வாறு பிடித்துவைப்பது எதுவெனப் பெயர் சுட்டிக் காட்டும். அதனைப் புதுப்பித்தலும், விளையாட்டு, கணினி, ஒலிக்கருவி மூன்றிற்கும் ஒரே மாதிரி வேகத்தை வைத்தலும் பெரும்பாலும் தீர்வாகும். பாட்டுத் தொடங்குமுன் ஒருமுறை மட்டும் 'டப்' எனக் கேட்பது, மின்சிக்கனத்திற்காக உறங்கிய ஒலிச்சில்லு விழிப்பது. அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கம்பியில்லா ஹெட்செற்று வைத்திருப்போர்க்கு ஒரு சொல். யூ.எஸ்.பி. 3.0 குதைகளும் கம்பிகளும், அவ்வகை ஹெட்செற்றுகள் பயிலும் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைப் பரப்புவன என இன்ரெல் நிறுவனமே 2012 இல் அறிக்கை வெளியிட்டது. அலைவாங்கும் சிறு செருகியை நீலக் குதைக்கருகே வைக்காமல், முழ நீளக் கம்பியொன்றால் மேசைமேற் கொணர்ந்து வைத்தால் வெட்டிவெட்டிக் கேட்பது நிற்கும்.

எமது பதிவு என்னாயிற்று என்பதனைச் சொல்லாது விடுத்தோம். முதலில் ஓடாசிற்றி என்னும் மென்பொருள் கொண்டு இரைச்சலை வடிக்க முயன்றோம். 50, 100, 150 என ஒவ்வொரு மடங்கையும் வெட்ட வெட்ட முரலல் குறைந்தது. பெரியாரின் குரலோ குடத்தினுள்ளிருந்து வருவதுபோலாயிற்று. அவருடைய மெலிந்த குரலில் ழகரமும் ளகரமும் பிரிந்து ஒலிக்கும் அழகு முற்றும் கெட்டது. எனவே மூன்று வாரங்கழித்து மீண்டும் சென்றோம். குசினியிற் குளிர்சாதனப் பெட்டிக்கெனப் பின்னர் அமைத்த மும்முனைக் குதையின் ஏர்த் செம்மையாக உள்ளதென மின்வேலைகாரர் ஒருவர் சோதித்துக் கூறியபின், அங்கிருந்து மூன்று கம்பி கொண்ட நீட்டுக் கம்பியை விறாந்தைக்கு இழுத்தோம். விசிறியை நிறுத்திப் பெரியாருக்குப் பனையோலை விசிறியால் மாணவன் காற்று வீசினான். ஒலிவாங்கி ஒரு சாண் தூரத்தில். பதிவு தெளிந்த நீர்போல அமைந்தது. தாய்ப்பலகை மாற்றப்படவில்லை, அதே பலகை இன்றும் அவனிடம் நன்றாக உழைக்கின்றது.

ஆனால் முதல் நாளிலே பெரியார், தாம் மாணவராயிருந்த காலத்துத் தமிழாசிரியர் ஒருவர் கல்லூரிக் கிணற்றடியில் நின்று பாடிக் காட்டினார் எனத் தனிப்பாடல் ஒன்றை இராகத்தோடு பாடியிருந்தார். எந்நூலிலும் யாம் காணாத பாடல். இரண்டாம் நாள் அதனை மறுபடியும் பாடுமாறு வேண்டியபோது, முதலடியைத் தொடங்கி, நின்று, மேலே நினைவு வரவில்லை என்று கையை விரித்தார். அப்பாடல் முரலலோடு கூடிய முதற்பதிவில் மாத்திரமே உளது. அதனைத் துலக்க முயலாமல் உள்ளவாறே கல்லூரி நூலகத்திற் சேர்ப்பித்துள்ளோம். கேட்க விரும்புவோர் நூலகரை வினவலாம்.